நரம்பு எது, நாடி எது: ஹெரோபிலஸ் என்னும் முதல் உடற்கூற்றறிஞர்

எங்கள் நரம்பியல் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரில் சிலருக்கு நரம்பில் நோயே இருப்பதில்லை. கெண்டைக்காலில் இரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டிருக்கும். நரம்பு சுருட்டிக்கொண்டது என்று சொல்லி வந்து வரிசையில் காத்திருப்பார்கள். அது சிரைகளின் நோய். பார்க்க வேண்டியவர் அறுவை மருத்துவர். கழுத்தில் நரம்பு பிசகிவிட்டது என்று வருவோருக்குப் பெரும்பாலும் தசைதான் இறுகியிருக்கும். உள்நோயாளிகள் பிரிவிலோ, மருந்தேற்ற ஊசியோடு நிற்கும் செவிலியரிடம் “நரம்பு கிடைக்கிறதா, சிஸ்டர்?” என்று உறவினர் கேட்பார். செவிலியர் தேடுவதும் சிரையைத்தான்.

இதை அறியாமை என்று நாங்கள் ஒருபோதும் எண்ணுவதில்லை. யாழில் கட்டிய தந்தி தொடங்கி, உடலில் கயிறுபோல் ஓடும் எல்லாவற்றையும் நம் மொழி ‘நரம்பு’ என்றே அழைத்து வந்திருக்கிறது. பண்டைக் கிரேக்கரின் நிலையும் இதுவே. ‘நியூரான்’ என்ற அவர்களுடைய சொல் வில்லின் நாணையும் தசைநாணையும் ஒருங்கே குறித்தது. தோலுக்கு அடியில் ஓடும் இந்தக் கயிறுகளுள் இரத்தம் செல்வது எது, தசையை எலும்போடு கட்டுவது எது, உணர்வைக் கொண்டு செல்வது எது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எவராலும் சொல்ல இயலாது. உள்ளே பார்க்க வேண்டும்.

மனித உடலை முறையாக அறுத்துப் பார்த்து, அக்கயிறுகளைப் பிரித்தறிந்து எழுதிய முதல் மருத்துவர்களுள் தலையாயவர் ஹெரோபிலஸ். இன்றைக்கு ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். நம் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்க்கும் ஒவ்வொரு செவிலியரும், பக்கவாதம் கண்டவரின் உள்ளங்காலைக் கீறிப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரும் ஏதோ ஒருவகையில் அவருக்குக் கடன்பட்டவர்களே. ஆயினும் அவருடைய வரலாற்றில் பெருமையோடு சேர்ந்து ஓர் இருளும் உண்டு. இரண்டையும் நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலெக்சாண்டிரியாவுக்கு வந்த மருத்துவர்

ஹெரோபிலஸ் கி.மு. 335-ஆம் ஆண்டளவில் கால்செடான் என்னும் ஊரில் பிறந்தார். இன்றைய இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையில் உள்ள பகுதி அது. காஸ் தீவைச் சேர்ந்த பிராக்சகோரஸ் என்பவரிடம் மருத்துவம் பயின்றார். பிறகு எகிப்தில் புதிதாக எழுந்திருந்த அலெக்சாண்டிரியா நகருக்குச் சென்று தம் பணிக்காலத்தை அங்கே கழித்தார்.

கி.மு. 331-இல் அலெக்சாந்தர் நிறுவிய அந்நகரம், அவருடைய இறப்புக்குப் பின் தாலமி மன்னர்களின் தலைநகராயிற்று. அறிஞர்களை வரவழைத்து ஆதரிப்பதில் அம்மன்னர்கள் பெருவிருப்பம் கொண்டிருந்தனர். பெரும் புகழ் பெற்ற அலெக்சாண்டிரியா நூலகம் உருவானதும் அவர்கள் காலத்தில்தான்.

கிரேக்க நாட்டில் இறந்தவரின் உடலை அறுப்பது வழக்கத்திற்கும் சமயத்திற்கும் மாறானது. பிணத்தைத் தொடுவதே தீட்டு. உரிய முறையில் அடக்கம் செய்யாமல் விடுவது பெருங்குற்றம். எனவே அக்கால மருத்துவர்கள் ஆட்டையும் பன்றியையும் குரங்கையும் அறுத்துப் பார்த்து, மனித உடலும் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து வந்தார்கள். அலெக்சாண்டிரியாவோ பல இடங்களிலிருந்து குடிபெயர்ந்தோர் கூடி வாழ்ந்த புதிய நகரம். பழைய கட்டுப்பாடுகளின் பிடி அங்கே தளர்ந்திருந்தது. மன்னரின் ஆதரவும் இருந்தது. ஹெரோபிலசும் அவர் காலத்தவரான எரசிஸ்டிரேட்டஸ் என்பவரும் அங்கே மனித உடல்களை அறுத்து ஆராயத் தொடங்கினார்கள். அதற்கு முன் கிரேக்க மருத்துவ உலகில் அவ்வாறு முறையாகச் செய்தவர் எவருமில்லை.

ஹெரோபிலஸ் எழுதிய நூல்களுள் ஒன்றுகூட இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. அவருக்குப் பின்வந்த கேலன், ரூபஸ், சொரேனஸ், செல்சஸ் முதலியோர் தம் நூல்களில் எடுத்துக்காட்டிய பகுதிகளே நமக்குக் கிடைப்பவை. அச்சிதறல்களைத் திரட்டி ஹைன்ரிக் ஃபான் ஸ்டாடன் என்னும் அறிஞர் 1989-இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். ஹெரோபிலசைப் பற்றி இன்று பேசுவோர் பெரிதும் சார்ந்திருப்பது அந்நூலையே.

கயிறுகளைப் பிரித்தறிந்த விதம்

ஹெரோபிலசின் ஆசிரியரான பிராக்சகோரஸ், இதயத்திலிருந்து புறப்படும் தமனிகள் போகப் போக மெலிந்து, இறுதியில் நரம்புகளாகி விரல்களை அசைக்கின்றன என்று கற்பித்தார். தமனிகளுள் ஓடுவது குருதியன்று, ‘நியூமா’ எனப்படும் உயிர்க்காற்றே என்பதும் அவருடைய கொள்கை. உள்ளே பாராமல் எண்ணினால் இவை பொருந்தாதவையாகத் தோன்றா. இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகவே காணப்படும் என்பதும் அக்கருத்துக்குத் துணை நின்றிருக்கக் கூடும்.

மாணவர் உடலைத் திறந்து பார்த்தார். ஆசிரியர் சொன்னதிலிருந்து விலகினார். தமனியின் சுவர் சிரையின் சுவரைவிட ஆறு மடங்கு தடித்தது என்று கண்டு எழுதினார். தமனிகளிலும் குருதி உண்டு என்று கொண்டார். நரம்புகளைப் பற்றிக்கொண்டே சென்றபோது அவை இதயத்தில் போய் முடியவில்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் போய்ச் சேர்ந்தன.

இக்கண்டுபிடிப்பின் பெருமையை உணர, அன்றைய அறிவுலகைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அறிவும் உணர்வும் இதயத்தில் உறைகின்றன, மூளை உடலின் சூட்டைத் தணிக்கும் உறுப்பு என்று அரிஸ்டாட்டில் எழுதிச் சில பத்தாண்டுகளே ஆகியிருந்தன. மூளையே அறிவின் இருப்பிடம் என்று ஹெரோபிலசுக்கு முன்பே சொன்ன கிரேக்கரும் இருந்தனர். ஆனால் அவர்கள் சொன்னது கருத்து. ஹெரோபிலஸ் காட்டியது பாதை. இந்த நரம்பு இங்கே தொடங்கி இவ்வழியே சென்று இங்கே சேர்கிறது என்று கைவைத்துக் காட்டக்கூடிய சான்று அவரிடம் இருந்தது.

மேலும் ஒரு படி சென்று, உணர்வுக்கான நரம்புகள் வேறு, அசைவுக்கான நரம்புகள் வேறு என்றும் அவர் பிரித்தார். பக்கவாத நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “தொட்டால் தெரிகிறது என்கிறாரே, பிறகு ஏன் கையைத் தூக்க முடியவில்லை?” நோயாளி முயலவில்லையோ, மனம் தளர்ந்துவிட்டாரோ என்ற ஐயமும் அக்கேள்விக்குள் ஒளிந்திருக்கும். உணர்வு ஒரு வழியில் மூளைக்குச் செல்கிறது. அசையச் சொல்லும் கட்டளை வேறொரு வழியில் கைக்கு வருகிறது. ஒரு வழி அடைபட்டு மற்றொன்று திறந்திருக்கக் கூடும். ஆகவே அவர் சொல்வது உண்மை. அவர்மேல் குறை ஏதுமில்லை. இவ்விடையை நாங்கள் இன்று உறுதியாகச் சொல்ல முடிவதற்கான தொடக்கம் அலெக்சாண்டிரியாவில் இருக்கிறது.

அவர் வைத்த பெயர்கள்

புதிதாகப் பார்த்தவற்றுக்குப் பெயர் வேண்டும். ஹெரோபிலஸ் அன்றாட வாழ்வில் கண்ட பொருள்களிலிருந்தே பெயர்களை எடுத்தார். இரைப்பையை அடுத்த குடற்பகுதி பன்னிரண்டு விரற்கடை நீளம் இருக்கக் கண்டு அதற்குப் ‘பன்னிரு விரல்’ எனப் பொருள்படும் பெயரிட்டார். அப்பெயரின் இலத்தீன் வடிவமே இன்று வயிற்றுப்புண் நோயாளிகளின் எண்டோஸ்கோப்பி அறிக்கையில் காணப்படும் ‘டியோடினம்’. கண்ணின் உட்புறத்து மெல்லிய படலத்தை அவர் வலைக்கு ஒப்பிட்டார். விழித்திரையைக் குறிக்கும் ‘ரெட்டினா’ என்னும் சொல்லுக்குள் இன்றும் வலை இருக்கிறது.

பெருமூளையையும் சிறுமூளையையும் வேறுபடுத்திக் காட்டிய அவர், மூளைக்குள் இருக்கும் நீரறைகளையும் விவரித்தார். நான்காம் அறையின் அடித்தளத்தில் உள்ள பள்ளம், அலெக்சாண்டிரியாவில் எழுதப் பயன்பட்ட நாணல் பேனாவின் குழிவு போல இருக்கிறது என்றார். அந்தப் பள்ளம் அமைந்த முகுளப் பகுதியில்தான் மூச்சை நடத்தும் மையங்கள் உள்ளன என்பது மிகப் பிற்காலத்தில் தெரிய வந்தது.

தலையின் பின்புறம், மூளையிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் பெருஞ்சிரைகள் வந்து கூடும் ஓர் இடம் உண்டு. அதைத் திராட்சை பிழியும் ஆலையின் தொட்டிக்கு அவர் ஒப்பிட்டார். அவ்விடம் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நாங்கள் அப்பெயரை ஏட்டில் மட்டும் காண்பதில்லை. மகப்பேற்றுக்குப் பின்வரும் வாரங்களில் சில பெண்களுக்கு இந்தச் சிரைகளில் இரத்தம் உறைந்து அடைப்பு உண்டாகும். கடுமையான, நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். பிள்ளை பெற்ற அலுப்பு என்றோ, தூக்கமின்மை என்றோ வீட்டில் ஒதுக்கிவிடாமல் உடனே அழைத்து வந்தால் பெரும்பாலோரைக் காப்பாற்ற இயலும். ஸ்கேன் படத்தில் அடைப்பைத் தேடும்போது எங்கள் கண் முதலில் செல்லும் இடங்களுள் ஒன்று ஹெரோபிலஸ் பெயர் தாங்கிய அந்தக் கூடுமிடம்.

நாடியும் நீர்க் கடிகாரமும்

நாடி துடிப்பது தமனிகளில் மட்டுமே என்று பிராக்சகோரஸ் கண்டிருந்தார். ஆனால் தமனி தன் ஆற்றலாலேயே துடிக்கிறது என்று அவர் எண்ணினார். அவ்வாற்றல் இதயத்திலிருந்து வருகிறது என்று ஹெரோபிலஸ் திருத்தினார். அதோடு, நாடியைப் பிடிப்பவர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையும் வகுத்தார்: துடிப்பின் அளவு, விரைவு, வலிமை, தாளம்.

தாளத்தை அவர் கிரேக்கச் செய்யுளின் சீர்களால் விளக்கினார். நமக்குப் பழகிய சொற்களில் கூறினால், தமனி விரிவதும் சுருங்குவதும் இரண்டு அசைகள். கைக்குழந்தையின் நாடியில் இரண்டும் குறில். வளரும் பருவத்தில் முதலாவது நெடில், அடுத்தது குறில். முழு வளர்ச்சி பெற்றவரிடம் இரண்டும் நெடில். முதுமையில் குறிலும் அதன்பின் நெடிலும். இப்பகுப்பை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. எனினும் வயதுக்கு வயது இயல்பான நாடி வேறுபடும், அந்த இயல்பை அறிந்தால்தான் நோயை அறியலாம் என்ற அடிப்படை இன்றும் மாறவில்லை.

விரைவை அறிய அவர் நீர்க் கடிகாரம் ஒன்றை நோயாளியின் படுக்கை அருகே கொண்டு சென்றதாக மார்செலினஸ் என்னும் பண்டை மருத்துவ நூலாசிரியர் எழுதுகிறார். நீர் சொட்டி முடிவதற்குள் அவ்வயதினருக்கு இயல்பாக எத்தனை துடிப்புகள் வர வேண்டும் என்று முன்பே வரையறுத்திருந்தாராம். அவ்வெண்ணுக்கு மேல் எவ்வளவு மிகுந்ததோ அவ்வளவு காய்ச்சல் என்பது அவர் கணிப்பு. இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃபிளாயர், ஒரு நிமிடம் மட்டும் ஓடும் கடிகாரத்தைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை 1707-இல் நூலாக வெளியிட்டார். ஹெரோபிலசுக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ 2000 ஆண்டுகள்.

நீர்க் கடிகாரம் இல்லாமலேயே இன்று நம் வீட்டில் எவரும் நாடியை எண்ணலாம். சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து, கட்டைவிரலின் அடிப்பக்கத்தில், மணிக்கட்டின் உட்புறம் மெல்ல வைக்க வேண்டும். கட்டைவிரலால் பிடிக்கக் கூடாது. அதன் துடிப்பே குழப்பிவிடும். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருந்த பின் ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். வளர்ந்தவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. கைக்குழந்தைகளுக்கு 100-க்கு மேல் இருப்பதும், நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு 60-க்குக் கீழ் இருப்பதும் கவலைக்குரியன அல்ல.

எண்ணிக்கையைவிடத் தாளம் முக்கியமானது. துடிப்புகளுக்கு இடையே ஒழுங்கே இல்லாமல், ஒன்று விரைந்தும் ஒன்று தயங்கியும் வருவதாகத் தோன்றினால், குறிப்பாக அறுபது வயதைக் கடந்தவர்களிடம், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும்போது அங்கே இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். உரிய காலத்தில் கண்டறிந்தால் மருந்தால் பெருமளவு தடுக்க முடியும். மருந்தைப் பற்றி ஹெரோபிலஸ் சொன்னதாக ஒரு கருத்து வழங்குகிறது: முறையறிந்து பயன்படுத்துவோரிடம் அது தெய்வங்களின் கைகளைப் போன்றது, முறையறியாதோரிடம் அது ஒன்றுமே இல்லை.

அவருடைய பிழைகள்

பெண்ணின் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் முதலில் விவரித்தவர்களுள் ஒருவரான ஹெரோபிலஸ், அக்குழாய்கள் சிறுநீர்ப்பையில் சென்று சேர்வதாக எழுதினார். அது தவறு. குருதி உடலைச் சுற்றி வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. வில்லியம் ஹார்வி அதை நிறுவி நூல் வெளியிட்டது 1628-இல். நோய்க்கு இரத்தம் வடியவிடும் அக்கால மருத்துவத்தை அவரும் கைக்கொண்டார்.

இப்பிழைகள் அவருடைய சிறப்பைக் குறைப்பதில்லை. ஆசிரியர் சொன்னதையும் அறிஞர் எழுதியதையும் கண்ணால் கண்டதோடு ஒத்துப்பார்க்கும் முறையை அவர் தொடங்கி வைத்தார். அவருடைய பிழைகளைப் பிற்காலத்தார் திருத்தியதும் அம்முறையால்தான்.

அந்த உடல்கள் யாருடையவை?

மனிதரின் கல்லீரல் எல்லோரிடத்தும் ஒரே வடிவில் இருப்பதில்லை என்று ஹெரோபிலஸ் எழுதியதாகக் கேலன் வழியே அறிகிறோம். சிறிய செய்திதான். ஆனால் ஓர் உடலைப் பார்த்தவர் அதை எழுத முடியாது. பல உடல்களைப் பார்த்தவரே எழுத முடியும். அந்தப் பல உடல்கள் எங்கிருந்து வந்தன?

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்னும் உரோமானிய நூலாசிரியர் இதற்கு விடை தருகிறார். மன்னர்கள் சிறையிலிருந்து அனுப்பிய குற்றவாளிகளை, ஹெரோபிலசும் எரசிஸ்டிரேட்டசும் உயிரோடிருக்கும்போதே அறுத்துப் பார்த்ததாக அவர் குறிப்பிடுகிறார். தெர்த்துல்லியன் என்னும் கிறித்தவ எழுத்தாளர் பிற்காலத்தில் அறுநூறு பேர் என்று எண்ணிக்கையும் தருகிறார். அது மிகைப்படுத்திய எண்ணாகவே தோன்றுகிறது. மறுபுறம், ஹெரோபிலசின் நூல்களை நன்கு கற்றிருந்த கேலன் இக்குற்றச்சாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. செல்சசோ நிகழ்வுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் பிந்தியவர். எனவே அறிஞர்களிடையே இதில் கருத்து ஒற்றுமை இல்லை.

அச்செயலை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் முன்வைத்த வாதங்களைச் செல்சஸ் பதிவு செய்திருக்கிறார். உள்ளுறுப்புகளை அறியாதவர் அவற்றின் நோயை எவ்வாறு தீர்ப்பார், சில குற்றவாளிகள் துன்புறுவதால் வருங்காலத்தில் குற்றமற்ற எண்ணற்றோர் பிழைப்பார்களே என்றது ஒரு தரப்பு. உயிரைக் காக்கும் கலை உயிரைப் பறிக்கலாமா, அவ்வளவு கொடிய முறையிலா என்றது மறுதரப்பு. அறுக்கப்பட்டு வேதனையில் துடிக்கும் உடலில் காண்பது இயல்பான நிலையே அன்று என்றும், போரில் காயமுற்றோரைக் குணப்படுத்தும்போதே மருத்துவர் உள்ளுறுப்புகளைக் கண்டு கற்கலாம் என்றும் அவர்கள் வாதிட்டார்கள். செல்சசின் தீர்ப்பு: உயிருள்ளவரை அறுப்பது கொடுமை, தேவையுமற்றது, இறந்தோர் உடலை அறுத்தறிவது கற்போருக்கு இன்றியமையாதது.

2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்விவாதத்தைப் படிக்கும்போது ஒன்று எங்கள் கண்ணில் படாமல் போவதில்லை. இரு தரப்பாரும் அறிவைப் பற்றியும் கொடுமையைப் பற்றியும் பேசினார்கள். அம்மனிதர்கள் அதற்கு இசைந்தார்களா என்ற கேள்வியை எவரும் எழுப்பியதாகச் செல்சஸ் எழுதவில்லை.

மூடிய கதவும் திறந்த கதவும்

அலெக்சாண்டிரியாவில் திறந்த கதவு விரைவிலேயே மூடிக்கொண்டது. ஹெரோபிலசின் மாணவரான பிலினஸ் தொடங்கிய மருத்துவப் பிரிவு, உடலை அறுத்தறிவதே பயனற்றது என்றது. மன்னரின் ஆதரவும் நிலைக்கவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் குரங்குகளையும் பன்றிகளையுமே அறுத்துக் கற்க நேர்ந்தது. மனித எலும்புக்கூட்டைப் பார்க்க விரும்பும் மாணவர் அலெக்சாண்டிரியாவுக்குச் செல்லட்டும் என்று அவர் எழுதும் நிலை இருந்தது. விலங்குகளில் கண்டதை மனிதருக்கும் ஏற்றிச் சொன்னதால் அவர் நூல்களில் பிழைகள் புகுந்தன. மனிதரின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது அவற்றுள் ஒன்று. நூற்றாண்டுக் கணக்கில் மருத்துவர்கள் அதை அப்படியே ஓதி வந்தார்கள்.

இத்தாலியின் போலோனா நகரில் மொண்டினோ என்பவர் 1315-இல் மனித உடலை மாணவர் முன்னிலையில் அறுத்துக் காட்டினார். 1543-இல் வெசாலியஸ் தம் பெருநூலை வெளியிட்டு, கீழ்த்தாடை ஒரே எலும்பு என்பது முதலாகக் கேலனின் பல பிழைகளைத் திருத்தினார். ஹெரோபிலசுக்கும் மொண்டினோவுக்கும் இடையே ஏறத்தாழ 1600 ஆண்டுகள் கடந்திருந்தன.

கதவு மீண்டும் திறந்தபோதும் பழைய கேள்வி உடன் வந்தது. வெசாலியஸ் காலத்தில் தூக்கிலிடப்பட்டோரின் உடல்கள் பயன்பட்டன. எடின்பரோ நகரில் 1828-இல் உடற்கூற்றுப் பள்ளிக்கு விற்பதற்காகவே பதினாறு பேர் கொல்லப்பட்ட செய்தி வெளியாகி உலகை உலுக்கியது. அதன்பின் 1832-இல் பிரிட்டன் இயற்றிய சட்டம், உரிமை கோர எவருமற்றோரின் உடல்களைக் கல்விக்கு அளித்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள். குற்றவாளிகளின் இடத்தில் ஆதரவற்றோர் வந்தனர். அவர்களையும் எவரும் கேட்கவில்லை. கேட்காமல் எந்த மனிதரையும் ஆய்வுக்கு உட்படுத்தலாகாது என்ற நெறி உலக அளவில் எழுத்தில் வந்தது 1947-இல், நாசி மருத்துவர்களை விசாரித்த நூரம்பெர்க் தீர்ப்பில்தான்.

கேட்பதும் கொடுப்பதும்

பக்கவாதம் கண்டவரின் படுக்கை அருகே நாங்கள் நிற்கும்போது எங்களுக்குத் தெரிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி, பெயர் தெரியாத மனிதர்களின் உடலிலிருந்து கற்றது. அவர்களிடம் ஒப்புதல் பெற இனி வழியில்லை. இன்றுள்ளவர்களிடம் கேட்காமல் இருக்க எங்களுக்கு உரிமையில்லை.

ஆகவேதான் முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீர் எடுப்பதற்கு முன்பும், அறுவைக்கு முன்பும் ஒப்புதல் படிவத்தைத் தருகிறோம். அது மருத்துவமனையைக் காத்துக்கொள்ளும் தாள் என்றே பலர் எண்ணிப் படிக்காமல் கையொப்பமிடுகிறார்கள். அவ்வாறு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏன் செய்கிறோம், செய்யாவிட்டால் என்ன நேரும், வேறு வழி உண்டா, ஆபத்து என்ன என்று நான்கு கேள்விகளையும் கேட்டு விடை பெற்ற பின்னரே கையொப்பமிடலாம். விளக்குவது எங்கள் கடமை. அதற்கான நேரத்தைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. பட்டமேற்படிப்பு மாணவர்கள் உங்களைப் பரிசோதிக்க வரும்போது இசையலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்தால் சிகிச்சையில் எக்குறையும் நேராது. இசைந்தால், அம்மாணவர் இனிக் காணப்போகும் நோயாளிகளுக்கு நீங்கள் செய்யும் உதவி அது.

உடல் தானம் பற்றியும் சிலர் எங்களிடம் கேட்கிறார்கள். அது உறுப்பு தானத்திலிருந்து வேறானது. மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் துறையில் விருப்பத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் படிவத்தைவிட முக்கியமானது வீட்டாரிடம் சொல்லி வைப்பது. இறப்புக்குப் பின் கல்லூரிக்குத் தெரிவித்து உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் அவர்களே. பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட உடலையும், சில தொற்றுநோய்களால் இறந்தோர் உடலையும் கல்லூரிகள் பொதுவாக ஏற்பதில்லை. கண்களை மட்டும் தானம் செய்ய விரும்புவோரின் குடும்பத்தார் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். விருப்பமில்லாதவர் எவரும் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. கேட்டபின் இல்லை என்று சொல்லும் உரிமை இருந்தால்தான், கொடுப்பது கொடை ஆகும்.

இன்று பல மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் உடற்கூற்றுக் கூடத்துக்குள் நுழையும் முதல் நாளில், தம்முன் கிடத்தப்பட்டிருக்கும் உடலை மதிப்போடு நடத்துவோம் என்று உறுதிமொழி ஏற்கிறார்கள். பிறகே கத்தியை எடுக்கிறார்கள். முதலில் கையின் தோலை விலக்கி, வெண்மையான கயிறு ஒன்றைக் காட்டி, இது தசைநாணா நரம்பா என்று ஆசிரியர் கேட்பார். அலெக்சாண்டிரியாவில் ஹெரோபிலஸ் தம்மையே கேட்டுக்கொண்ட கேள்வி அது. தாமே மனமுவந்து தம் உடலை அளித்த ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு அதற்கு விடை காணும் மாணவர்கள் நம் காலத்தில் பெருகி வருகிறார்கள்.